பேச்சு இருக்கும்போதே

மூளைக் கட்டி திரும்பி வந்திருப்பதைப் பெரும்பாலும் ஸ்கேனுக்கு முன்பே வீட்டுப் பெண்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். "தட்டுல இடது பக்கம் இருக்கிற சோத்தை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சிடுறாரு டாக்டரம்மா. கேட்டா, எல்லாம் சாப்பிட்டாச்சுங்கிறாரு" என்று ஒரு மனைவி சொன்னார். வலப்பக்க மூளையில் அறுவை நடந்தவர் அவருடைய கணவர். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. டீக்கடை வைத்திருந்த ஒருவர் மீதிச் சில்லறை எண்ணித் தர முடியாமல் திணறியதை அவர் மகள் கவனித்தாள். இன்னொரு பெரியவர், காலமெல்லாம் கட்டிய வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் நின்றாராம். தலைவலி, வாந்தி, வலிப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும் அறிகுறிகள் வரத்தான் செய்யும். அவற்றுக்குச் சில வாரம் முன்னாலேயே வீட்டுக்குள் இப்படி ஏதோ ஒன்று நடந்திருக்கும்.

அதனால் மறுபரிசோதனைக்கு வருகிறவர்களின் எம்.ஆர்.ஐ. படத்தைக் கணினியில் திறப்பதற்கு முன்னால், கூட வந்தவரிடம் கேட்பேன்: "போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஆளுகிட்ட என்ன மாற்றம் தெரியுது?" சிலர் உடனே சொல்வார்கள். சிலர் நோயாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்பார்கள். அவர்களிடம் பிறகு தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

நான் கதிர்வீச்சுச் சிகிச்சை மருத்துவர். மதுரையைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் 'கரண்டு வைக்கிற டாக்டர்' என்றால் எல்லோருக்கும் புரியும். அறுவை முடிந்து, தையல் ஆறியபின் நோயாளி என்னிடம் வருவார். ஆறு வாரச் சிகிச்சை முடிந்தபிறகும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருப்பார். ஆகவே கட்டி திரும்பி வந்தால் அந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு பல நேரங்களில் என்னுடையதாகிறது. இங்கே நான் சொல்லப்போகிறவர்களின் ஊர், தொழில், வயது ஆகியவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் அதிகம் பார்ப்பது கிளையோபிளாஸ்டோமா. திரும்பி வருவது அதன் இயல்பு. கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் அறுவை மருத்துவர் எடுத்துவிட்டாலும், அதன் செல்கள் அதற்குள் நல்ல மூளைக்குள் ஊடுருவிப் போயிருக்கும். 1928-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்டர் டாண்டி, வலப்பக்க மூளை அரைக்கோளத்தையே எடுத்துவிட்ட அறுவைகளைப் பற்றி எழுதினார். ஏற்கெனவே இடது கைகால் செயலிழந்திருந்த நோயாளிகள் அவர்கள். பாதி மூளையையே எடுத்தும் நோய் திரும்பியது. திருமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவருக்கு இதை விளக்கத் தொடங்கியபோது அவரே முந்திக்கொண்டார்: "கோரை மாதிரிங்களா அம்மா? மேல பிடுங்கிடலாம், கிழங்கு மண்ணுக்குள்ள ஓடிக் கிடக்கும்." அதைவிடச் சரியாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. திரும்பி வரும் கட்டிகளில் பெரும்பாலானவை பழைய இடத்திலோ அதிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள்ளோதான் முளைக்கின்றன.

இன்றைய சிகிச்சையை நிலைநாட்டியது 2005-இல் வெளிவந்த ஐரோப்பிய, கனடிய கூட்டாய்வு. ரோஜர் ஸ்டுப் அதற்குத் தலைமை தாங்கினார். 573 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஆறு வாரத்தில் 30 தடவையாக 60 கிரே கதிர்வீச்சு. கூடவே தினமும் டெமோசோலமைடு மாத்திரை. அதன்பின் 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் மாத்திரை என்று ஆறு சுற்று. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மாத்திரையும் சேர்ந்தபோது 14.6 மாதம். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இன்னொரு வித்தியாசம் தெரிந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 1.9 பேரும், மாத்திரையும் பெற்றவர்களில் 9.8 பேரும் உயிரோடு இருந்தார்கள். நூறில் பத்துப் பேரில் ஒருவராக நம் எதிரில் இருப்பவர் இருக்கலாம் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. மீதித் தொண்ணூறு பேரையும் நினைத்துத்தான் பேச வேண்டும் என்பதும் தெரியும்.

கதிர்வீச்சு முடியும் கடைசி நாள் எங்கள் பிரிவில் ஒரு சின்னக் கொண்டாட்டம் போல இருக்கும். சுடுதண்ணீரில் இளக்கி முகத்தின் மேல் அச்சாகப் படியவைத்த வலை மாஸ்க்கை ஆறு வாரம் மாட்டிக்கொண்டு படுத்தவர்கள், அன்று அதைக் கழற்றியதும் எழுந்து உட்கார்ந்து சிரிப்பார்கள். வீட்டார் இனிப்பு கொண்டுவருவார்கள். அதற்கடுத்த சந்திப்பில் நான் ஒரு பேச்சைத் தொடங்குவேன். "இப்போ நல்லா இருக்கீங்க. நல்லா இருக்கும்போதே சிலதைப் பேசி வச்சுக்கிடலாமா?"

இரைப்பையிலோ நுரையீரலிலோ புற்றுநோய் வந்தவர், உடல் எவ்வளவு தளர்ந்தாலும் பெரும்பாலும் கடைசிவரை தன் விருப்பத்தைத் தானே சொல்ல முடியும். மூளைக் கட்டி திரும்பி வரும்போது முடிவெடுக்கும் இடத்தையே பிடித்துக்கொள்கிறது. பேச்சு போகலாம். பேச்சு இருந்தும், தனக்கு நோய் இருக்கிறது என்ற உணர்வே போகலாம். நெற்றிப் பகுதியில் வளர்ந்தால் எதிலும் அக்கறையில்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். என்ன கேட்டாலும் சரி என்பார். மறுபடி அறுவை செய்யலாமா, மருந்து தொடரலாமா, வீட்டுக்குப் போகலாமா என்ற கேள்விகள் எழும் நாளில் கேட்க வேண்டிய ஆள் பக்கத்தில் இருந்தும் பதில் கிடைக்காது. அதனால் கட்டி திரும்பிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸ்கேன் சுத்தமாக இருக்கும் நாளே அந்தப் பேச்சுக்கு நல்ல நாள்.

இப்படிச் சொன்னால் குடும்பத்தார் தயங்குவார்கள். "அவருக்குத் தெரிய வேணாம்மா, மனசு விட்டுருவாரு." எத்தனையோ பேர் கதவருகே என்னைத் தனியாக நிறுத்திச் சொன்ன வார்த்தை இது. அதிலுள்ள அன்பை நான் குறைத்து மதிப்பதில்லை. ஆனால் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஏறக்குறைய எல்லாமே தெரிந்திருக்கும். தினமும் அந்த இயந்திரத்தின் கீழ் படுத்தவர். மற்ற நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து கதை கேட்டவர். நான் நோயாளியிடம் நேராகக் கேட்பது ஒன்றுதான்: "உங்க நோயைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? உங்ககிட்டயே சொல்லவா, வீட்ல யார்கிட்டயாவது சொல்லவா?" மகனிடம் சொல்லுங்கள் என்று அவரே சொன்னால் அது அவருடைய முடிவு. "எங்கிட்டயே சொல்லுங்க" என்றால் வீட்டாரை வைத்துக்கொண்டே சொல்வேன்.

கம்பம் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் இரண்டாவது வகை. ஐம்பதைத் தொட்டவர். சொந்தமாக ஒரு லாரி, அதன் மேல் ஃபைனான்ஸ் பாக்கி. இடப்பக்க மூளையில், பேச்சுப் பகுதிக்கு அருகில் கட்டி. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்து முதல் ஸ்கேன் எடுத்தபோது, பழைய இடம் முன்பைவிடப் பெரிதாக, வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. வெளி ஸ்கேன் சென்டரின் அறிக்கையில் நோய் வளர்ந்திருப்பதாக எழுதியிருந்தார்கள். மகன் அதைப் போனில் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான். என்னைப் பார்க்க வந்தபோது ஓட்டுநரின் தம்பி முடிவோடு வந்திருந்தார். "மாத்திரையை நிறுத்திடுறோம் மேடம். அண்ணனை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம்."

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடம் மாறுகிறார்கள். கதிர்வீச்சும் டெமோசோலமைடும் கட்டியைத் தாக்கும்போது அந்தப் பகுதியின் இரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கும். ஸ்கேனுக்காக ஏற்றும் சாயம் அந்தக் கசிவு வழியாக வெளியேறி, கட்டி வளர்ந்ததைப் போலவே படத்தில் காட்டும். சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதத்தில் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்கு இந்தப் பொய்யான வளர்ச்சி தெரிகிறது. வேலை செய்துகொண்டிருக்கும் மருந்தை, வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. 2010-இல் வெளியான சர்வதேச வரையறை இதற்காகவே ஒரு விதியை வைத்தது. சிகிச்சை முடிந்து 12 வாரத்துக்குள், கதிர்வீச்சு விழுந்த எல்லைக்கு வெளியே புதிதாக வளர்ந்தாலோ, திசுவை எடுத்துப் பார்த்து உறுதியானாலோ ஒழிய, கட்டி வளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேனும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பியும் ஓரளவு உதவும். அவையும் சில சமயம் இரண்டுங்கெட்டானாகவே பதில் சொல்லும்.

டியூமர் போர்டு கூட்டத்தில் அறுவை மருத்துவரும் ரேடியாலஜி மருத்துவரும் நானும் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். மாத்திரையைத் தொடர்வது, வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது, இரண்டு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு குடும்பத்தை இரண்டு மாதம் காத்திருக்கச் சொல்வதைவிட இன்னொரு அறுவைக்குச் சம்மதிக்கவைப்பது எளிது. கையைக் கட்டிக்கொண்டு இருப்பதாக ஊர் சொல்லுமே என்ற பயம் அவர்களுக்கு. தம்பியிடம் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்தேன். சந்தேகம் வரும்போதெல்லாம் கூப்பிட்டார், நானும் அலுக்காமல் பேசினேன். அடுத்த ஸ்கேனில் அந்த வெள்ளை சுருங்கியிருந்தது.

இதே போன்ற குழப்பம் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்தும் வரும். அப்போது கதிர்வீச்சால் மூளைத் திசு கருகிப்போன நிலையா, கட்டியா என்று பிரித்தறிய வேண்டும். சிலருக்குத் திறந்து பார்க்காமல் தெரியாது. திறந்து பார்த்தால் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு.

ஸ்கேன் சுருங்கிய நாளில் ஓட்டுநரோடு அந்தப் பேச்சைப் பேசினேன். மனைவியும் மகனும் உடனிருந்தார்கள். நான் கேட்டவை எளிய கேள்விகள். உங்களால் சொல்ல முடியாமல் போனால் உங்களுக்காக யார் முடிவெடுக்க வேண்டும்? எதை இழந்தால் வாழ்வதில் பொருளில்லை என்று நினைப்பீர்கள்? எங்கே இருக்க விரும்புவீர்கள்? சிகிச்சைக்காக எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது? அவர் நிதானமாக யோசித்தார். "முடிவு எங்க வீட்டுக்காரி எடுக்கட்டும். தம்பி பாசத்துல எதையாவது செய்வான். குழாயெல்லாம் சொருகி வேணாம். வண்டியை மட்டும் வித்துப்புடக் கூடாதும்மா, பய பொழைக்கணும்." அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டேன். இதைச் சட்டப்படி எழுதிவைக்கவும் வழி இருக்கிறது. முன்கூட்டியே விருப்பம் எழுதும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்றது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படி எழுதி, ஒரு பிரதியை என்னிடமும் தந்தார். ஓட்டுநருக்குக் காகிதத்தில் நம்பிக்கையில்லை. மனைவி கேட்டால் போதும் என்றார்.

ஏறக்குறைய ஒரு வருடம் நல்லபடியாகப் போயிற்று. பிறகு ஒருநாள் மனைவி சொன்னார், "வத்தலக்குண்டுன்னு சொல்ல வேண்டிய இடத்துல எல்லாம் 'வண்டி'ங்கிறாரும்மா. ஊர்ப் பேரே வரமாட்டேங்குது." இருபத்தைந்து வருடம் அந்தப் பாதைகளில் ஓடிய மனிதர். இம்முறை படத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கட்டி திரும்பியபின் எங்கள் கையில் இருப்பவை நான்கைந்து வழிகள். எல்லாருக்கும் பொருந்தும் ஒன்று இன்னும் கிடைக்கவில்லை. மறு அறுவை, கட்டி முழுவதையும் பேச்சையும் கைகாலையும் கெடுக்காமல் எடுக்க முடிகிறவர்களுக்கும், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருப்பவர்களுக்கும் பயன்படும். மறு கதிர்வீச்சு கொடுக்கலாம். ஆனால் மூளை முதல் சிகிச்சையின் அளவை மறப்பதில்லை. கண் நரம்பும் மூளைத்தண்டும் தாங்கும் எல்லையைக் கணக்கிட்டு, சின்ன இடத்துக்கு, பத்துத் தடவையாக 35 கிரே போலக் கொடுப்போம். லோமஸ்டின் ஆறு வாரத்துக்கு ஒருமுறை விழுங்கும் மாத்திரை. இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும் என்பதால் ரத்தப் பரிசோதனையைக் கைவிட முடியாது.

பெவாசிசுமாப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பங்கள் கடன்படுவது பெரும்பாலும் இதற்காகத்தான். கட்டிக்கு இரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் ஊசி இது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். போட்டவுடன் கசிவு நின்று வீக்கம் வடியும். படுத்துக் கிடந்தவர் எழுந்து உட்காருவார், ஸ்டீராய்டைக் குறைக்க முடியும், ஸ்கேனும் அழகாக மாறும். 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 437 பேர் இருந்தார்கள். லோமஸ்டினோடு இதைச் சேர்த்தபோது, கட்டி மறுபடி வளரும்வரையான காலம் 1.5 மாதத்திலிருந்து 4.2 மாதமாக நீண்டது. ஆயுளோ 8.6 மாதத்துக்குப் பதில் 9.1 மாதம், புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை. மறு கதிர்வீச்சைப் பெவாசிசுமாபோடு சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலும் ஏறத்தாழ இதே கதை. கட்டி அடங்கியிருக்கும் காலம் கூடியது, மொத்த ஆயுள் கூடவில்லை.

அப்படியென்றால் இந்த மருந்து வேண்டாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி எட்டு மாதத்தில் நான்கு மாதம் தானாகக் கழிப்பறைக்குப் போய் வந்து, பேத்தியோடு பேசிக்கொண்டிருக்க முடிந்தால் அது பெரிய விஷயம். ஆயுளைக் கூட்டும் மருந்து என்று நினைத்துக்கொண்டு நிலத்தை விற்று வாங்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டிய கடமை மருந்தை எழுதுகிறவருக்கு உண்டு. "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, எதை வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாடு போனால் ஏதாவது இருக்குமா என்றும் கேட்பார்கள். அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கு 2008 மே மாதம் மூளைக் கட்டி தெரிந்தது, 2009 ஆகஸ்ட்டில் காலமானார். ஜான் மெக்கெய்னுக்கு 2017 ஜூலையில் கிளையோபிளாஸ்டோமா தெரிந்தது, 2018 ஆகஸ்ட்டில் காலமானார். உலகின் சிறந்த மருத்துவமனைகள் அவர்களுக்குத் திறந்திருந்தன. இதைக் கேட்டதும் சில மகன்களின் முகத்தில் ஒரு பாரம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். தாங்கள் செய்யாமல் விட்டது ஒன்றுமில்லை என்ற ஆறுதல்.

திரும்பி வருவதெல்லாம் இப்படித்தான் முடியும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமாவைப் பற்றி 1957-இல் டொனால்ட் சிம்ப்சன் எழுதிய கணக்கில், வேரோடும் உறையோடும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கும், ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களில் 44 பேருக்கும் திரும்பியது. திரும்பிய மெனிஞ்சியோமாவை மறுபடி எடுத்தோ கதிர்வீச்சுக் கொடுத்தோ பல வருடம் ஓட்டலாம். மெதுவாக வளரும் கிளையோமாக்களும் வேறு கதைதான். சின்னாளப்பட்டிப் பக்கம் சுங்குடிப் புடவைக்கு முடிச்சுப் போடும் பெண் ஒருவருக்கு ஆலிகோடெண்ட்ரோகிளையோமா. எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தது. மறு அறுவை, பிறகு கீமோ. இன்றும் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறார். வலது கை விரல்கள் முன்போல வேகமாக ஓடவில்லை என்பதுதான் அவருடைய ஒரே புகார். ஐ.டி.ஹெச். மரபணு மாற்றமுள்ள, தரம் இரண்டு கட்டிகளுக்கு அறுவைக்குப்பின் கொடுக்க வோராசிடெனிப் என்ற மாத்திரையை 2024-இல் அமெரிக்கா அனுமதித்திருக்கிறது. அதனால் "தலையில கட்டி திரும்பிருச்சு" என்று யாராவது அழுதுகொண்டு வந்தால் நான் முதலில் தேடுவது பழைய பயாப்சி அறிக்கையை. எந்தக் கட்டி என்று தெரியாமல் ஒரு வார்த்தையும் சொல்வதற்கில்லை.

ஓட்டுநருக்குக் கட்டி இருந்த இடத்தில் மறு அறுவை செய்தால் மிச்சமிருந்த பேச்சும் போய்விடும். லோமஸ்டின் கொடுத்தோம், பிறகு சில தடவை பெவாசிசுமாப். தம்பி வண்டியை விற்கப் பேசியபோது மனைவி மறுத்துவிட்டார். நான்கு மாதம் ஓரளவு நன்றாக இருந்தார். ஒற்றை வார்த்தைகளில் பேசினார். மகன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பார்த்தார். அதன்பின் பேச்சு முழுக்க நின்றது.

வீட்டில் பார்த்துக்கொள்வதைப் பற்றிய பாடம்தான் இந்தத் தொழிலில் எனக்கு மற்ற எதையும்விடப் பயன்பட்டது. டெக்ஸாமெத்தசோனிலிருந்து தொடங்குகிறேன். 1961-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் காலிசிச்சும் ஃபிரெஞ்சும் இது மூளை வீக்கத்தை வடியவைக்கும் என்று எழுதினார்கள். அதற்கு ஈடான மருந்து இன்னும் இல்லை. ஒன்றிரண்டு நாளில் தலைவலி போய் ஆள் தெளிவாகிவிடுவார். விலையும் மலிவு. அதனாலேயே பலர் மாதக்கணக்கில் அதே அளவைத் தொடர்ந்து விழுங்குகிறார்கள். சர்க்கரை ஏறும், முகம் உப்பும், தொடைத் தசை கரைந்து தரையில் உட்கார்ந்தவர் எழ முடியாது. கட்டிதான் காலைப் பிடித்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். இரண்டாவது மாத்திரையை மத்தியானத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் இரவெல்லாம் தூக்கமில்லை. வேலை முடிந்தால் குறைக்க வேண்டும். ஒரேயடியாக நிறுத்தவே கூடாது.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் மிடசோலம் ஸ்பிரேயை மூக்கில் அடியுங்கள். இதை வாயால் சொன்னால் போதாது. ஸ்பிரேயைக் கையில் கொடுத்துப் பழக்கியே அனுப்புவோம். வலிப்பு மாத்திரையான லெவிடிராசெட்டம் சிலருக்குத் தாங்க முடியாத கோபத்தைக் கொண்டுவரும். "சாந்தமான மனுசன், இப்போ தட்டைத் தூக்கி எறியுறாரு" என்று அழும் மனைவிக்கு, அது மாத்திரையாலும் வரலாம், மாற்றிப் பார்க்கலாம் என்று தெரிந்தாலே பாதிப் பாரம் குறையும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கின்றன. எங்கள் நோயாளிகளின் ஊர்ப் பெயர்களை அந்தந்த வட்டாரச் செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். சிறுநீர்க் குழாயை மாற்றவும் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடவும் நூறு கிலோமீட்டர் ஆம்புலன்ஸில் வர வேண்டிய அவசியம் பலருக்கு இல்லாமல் போயிருக்கிறது.

கடைசி வாரங்களில் இந்த நோயாளிகள் பெரும்பாலும் வலியால் துடிப்பதில்லை. தூக்கம் கூடிக்கொண்டே போகும், விழுங்குவது குறையும். இதை முன்பே சொல்லிவைக்காவிட்டால், "சாப்பிட மாட்டேங்கிறாரு, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நள்ளிரவில் ஏதாவது அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஒரு பெரியவரை எங்களிடம் கொண்டுவந்தபோது அவர் ஏற்கெனவே வேறோர் ஊரில் பல நாள் வெண்டிலேட்டரில் இருந்துவிட்டு வந்திருந்தார். நல்ல நிலையில் இருந்தபோது அவரிடம் யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. மூத்த மகனும் இளைய மகனும் படுக்கைக்கு இரண்டு பக்கமும் நின்று, அப்பா எதை விரும்பியிருப்பார் என்று சண்டை போட்டார்கள். இருவருமே அவரை நேசித்தவர்கள். இருவரிடமும் பதில் இல்லை.

ஓட்டுநர் வீட்டிலும் அந்த நாள் வந்தது. மூச்சு சீரில்லாமல் போனபோது தம்பி காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். மனைவி எனக்குப் போன் செய்து, "நீங்க எழுதி வச்சதை அவருக்கு ஒருதரம் படிச்சுக் காட்டுங்கம்மா" என்றார். கேஸ் ஷீட்டை எடுத்து, அண்ணன் சொன்ன வார்த்தைகளைத் தம்பிக்குப் படித்தேன். "தம்பி பாசத்துல எதையாவது செய்வான்" என்ற வரியையும் விடாமல் படித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "சரிங்க மேடம், இங்கேயே இருக்கட்டும்" என்றார். மூன்றாம் நாள் விடியும் முன்னால், வீட்டிலேயே, எல்லாரும் சுற்றியிருக்க, ஓட்டுநரின் உயிர் பிரிந்தது.

காரியமெல்லாம் முடிந்தபின், காப்பீட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்க மனைவியும் மகனும் வந்தார்கள். கையெழுத்தான பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வேலையில் அந்த உட்கார்தலுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "இது பயலுக்கும் வருமாம்மா?" வராது என்று ஒற்றை வார்த்தையில் சொல்லி அனுப்புவதில்லை. கிளையோபிளாஸ்டோமா வந்தவர்களில் மிகச் சிலருக்கே பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு இருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்களில் சின்ன வயதிலேயே பலருக்குப் பலவிதப் புற்றுநோய் வந்திருக்கும், அல்லது தோலில் காப்பி நிறத் திட்டுகள் போன்ற அடையாளங்கள் இருக்கும். அவர்கள் பக்கத்துச் சொந்தங்களை ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்தேன். அப்படி எதுவுமில்லை. மகன் அப்போதுதான் வாய் திறந்தான். அப்பா ஓட்டும்போது எந்நேரமும் போனைக் காதில் வைத்திருப்பார், அதனால் வந்ததா என்று கேட்டான். உலகச் சுகாதார நிறுவனத்துக்காகப் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2024-இல் வெளியிட்ட அறிக்கை, கைப்பேசிக்கும் மூளைக் கட்டிக்கும் தொடர்பு காணவில்லை என்பதைச் சொன்னேன். அவனுக்கு ஸ்கேன் தேவையில்லை என்றும் சொன்னேன். பிறகு அவன் அம்மாவிடம் திரும்பி, இரவில் தூக்கம் வருகிறதா, முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மாதக்கணக்கில் ஒரு கனத்த மனிதரைத் தனியாகப் புரட்டிப் படுக்கவைத்த முதுகு அது. பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் பிசியோதெரபிப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.